ஊர்வனவற்றிற்கு உறையுள் அமைத்த அம்மையார்

நிலமும் உயிரும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. தமிழ் இலக்கணம் வகுத்த சான்றோர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றினிடையே தோன்றி வாழும் மா, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் பாகுபடுத்தினர். முதற்பொருள் இன்றிக் கருப்பொருள் நிலைபெறாது. கடலில் திரியும் சுறாமீன் மலைச்சுனையில் வாழாது. மலைமுகட்டில் மேயும் வரையாடு கடற்கரை மணலில் வாழாது. பாலைநிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் வெயிலால் வாடிய மரத்தில் ஏறியிருக்கும் ஓந்தியையும் உடன் பாடியது, நிலத்திற்கும் உயிருக்கும் உள்ள இவ்வுறவை நன்கு உணர்ந்தமையாலேயாம்.

இவ்வாறு ஒரு நிலத்திற்கே உரிய உயிரை அந்நிலத்தினின்றும் பிரித்து, கடல் கடந்து குளிர்நாட்டு நகரமொன்றிற்குக் கொண்டுவந்து, பெட்டியில் அடைத்து வைத்தால் அதன் நிலை யாதாகும்? உணவும் நீரும் குறைவின்றி அளிப்பினும் அது நாளடைவில் மெலிந்து மடிதல் கூடும். அங்ஙனமாயின், அவ்வுயிருக்கு உரிய நிலத்தையும் அதனுடன் அமைத்துத் தருதல் இயலுமா? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்தவர், ஆங்கில நாட்டு விலங்கியல் அறிஞர் ஜோன் பீச்சம் புரோக்டர் அம்மையார் ஆவார். அவர் வாழ்ந்த காலம் 34 ஆண்டுகளே. அச்சிறு காலத்திற்குள் அவர் ஆற்றிய பணி, உயிர்களைப் பேணுவோர் அனைவருக்கும் வழிகாட்டியாக விளங்குகின்றது.

பிறப்பும் இளமையும்

புரோக்டர் அம்மையார் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜோசப் புரோக்டர் பங்கு வாணிகத் தரகர். தாயார் எலிசபெத் ஓவியக் கலையில் வல்லவர். தமக்கையார் கிறிஸ்டபெல் தோட்டக்கலையைத் தம் தொழிலாகக் கொண்டு சிறந்தார். தாயின் கலைத்திறமும், தமக்கையைப் போலவே இயற்கையின்பால் கொண்ட ஈடுபாடும் ஜோனிடத்தில் ஒருங்கே அமைந்திருந்தன. ஆனால் அவருடைய உள்ளம் மலர்களை நாடவில்லை; பிறர் கண்டு அஞ்சும் ஊர்வனவற்றையே நாடியது.

பத்து வயது நிரம்பும்பொழுதே அவர் பாம்புகளையும் பல்லியினத்தைச் சேர்ந்த உயிர்களையும் வீட்டில் வளர்த்து வந்தார். ஓணான், அரணை, பல்லி, உடும்பு ஆகியவற்றையெல்லாம் ஓரினமாகக் கொண்டு பல்லியினம் என வழங்குவர். அவர் வளர்த்தவற்றுள் தால்மேசியா என்னும் நாட்டிலிருந்து வந்த பெரிய பல்லி ஒன்று அவருடைய பேரன்பிற்கு உரியதாக இருந்தது. அவர் செல்லும் இடங்களுக்கெல்லாம் அதுவும் உடன் செல்லும். அவர் உணவு உண்ணும்பொழுது மேசையருகே அதுவும் அமர்ந்திருக்கும். ஏனைய சிறுமியர் பொம்மைகளோடு விளையாடும் பருவத்தில், இச்சிறுமி உயிருள்ள பல்லியைத் தோழியாகக் கொண்டிருந்தாள் என்பது வியப்பிற்குரியது.

தால்மேசியா, ஏட்ரியாட்டிக் கடலின் கரையில் அமைந்த பாறைகள் நிறைந்த நிலப்பகுதி. கோடைக்காலத்தில் அங்கு வெயில் மிகுதியாகக் காயும். இலண்டன் மாநகரோ மழையும் மூடுபனியும் குளிரும் மிக்கது. பாறைமேல் வெயில் காய்ந்து வாழ்ந்த உயிர் ஒன்று, கதிரவனைக் காண்பதே அரிதாகிய நாட்களில் எவ்வாறு சோர்ந்து கிடக்கும், வெப்பம் கிட்டியவுடன் எவ்வாறு கிளர்ச்சியுற்று எழும் என்பதை நாள்தோறும் அருகிலிருந்து காணும் வாய்ப்பு அச்சிறுமிக்குக் கிடைத்தது. நூல்களால் மட்டும் கற்பார்க்கு எளிதில் கிட்டாத அறிவு அது.

கல்வியும் நோயும்

ஜோன், இலண்டனிலுள்ள தூய பால் பெண்கள் பள்ளியில் கல்வி பயின்றார். பதினாறு வயதில் அவருக்கு இளமுதலை ஒன்று கிடைத்தது. அதனை அவர் ஒருநாள் கணக்கு வகுப்பிற்கே எடுத்துச் சென்றார் என்றும், வகுப்பு கலக்கமுற்றது என்றும் கூறுவர். இது குறும்புச் செயல்போலத் தோன்றினும், அவருக்கும் அவ்வுயிர்களுக்கும் இடையே அச்சம் என்பதே இல்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

கல்வியில் சிறந்து விளங்கிய அவரைக் கொடிய நோய் ஒன்று இளமையிலேயே பற்றிக்கொண்டது. குடலைப் பற்றிய அந்நோய் அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. பள்ளிப் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உயர்கல்வி பெறவேண்டும் என்னும் அவருடைய விருப்பமும் நோயினால் கைகூடாமற் போயிற்று. பல்கலைக்கழகத்தின் வாயில் அடைபட்டதைக் கண்டு அவர் மனம் தளர்ந்து மூலையில் அமரவில்லை. கல்விக்கு வேறு வாயில்களும் உள்ளன என்பதை உணர்ந்து அவற்றை நாடிச் சென்றார்.

பொருட்காட்சிச் சாலையில்

இலண்டனில் தென்கென்சிங்டன் என்னும் பகுதியில் இயற்கைப் பொருட்காட்சிச் சாலை ஒன்று உள்ளது. அந்நாளில் அங்கே ஊர்வன, மீன்கள் ஆகியவற்றின் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலஞ்சே என்னும் பேரறிஞர். ஈராயிரத்திற்கு மேற்பட்ட விலங்கு வகைகளை அறிவியல் உலகிற்கு விவரித்துக் கூறிய பெருமை அவருக்கு உண்டு. நம் நாட்டின் ஊர்வனவற்றையும் தவளையினத்தையும் பற்றி 1890ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்று வெளியிட்டவரும் அவரே. பள்ளிப் பருவத்திலேயே ஜோனின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்த அப்பெரியார், 1916ஆம் ஆண்டில் அவரைத் தமக்கு உதவியாளராக ஏற்றுக்கொண்டார்.

ஆசிரியரிடம் நேரே அமர்ந்து பயிலும் குருகுலக் கல்வி போன்றதே ஜோன் அங்குப் பெற்ற கல்வி. பட்டம் பெறாத அவர், ஆயிரக்கணக்கான உயிர்வகைகளைக் கையால் தொட்டும் அளந்தும் ஒப்பிட்டும் கற்றார். 1917ஆம் ஆண்டில் தென்னமெரிக்க நச்சுப்பாம்பு ஒன்றின் வேறுபாடுகளைக் குறித்துத் தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை இலண்டன் விலங்கியற் கழகத்தின் முன் வைத்தார். அவ்வாண்டிலேயே அக்கழகத்தின் உறுப்பினராகவும் ஏற்றுக்கொள்ளப் பெற்றார். 1920ஆம் ஆண்டில் பூலஞ்சே ஓய்வு பெற்றபொழுது, ஊர்வனவற்றின் பகுதியை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 23.

ஓர் உயிரின் உடலமைப்பு அது வாழும் இடத்தோடு எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்பதை அவருடைய ஆராய்ச்சிகள் அவருக்குத் தெளிவாக உணர்த்தின. கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பாறைப் பகுதிகளில் வாழும் ஆமை ஒன்றைப் பற்றி அவர் 1922ஆம் ஆண்டில் எழுதினார். பிற ஆமைகளின் ஓடு கவிழ்த்த கிண்ணம் போலக் குவிந்து கடினமாக இருக்கும். இவ்வாமையின் ஓடோ அடைபோல் தட்டையானது, மெல்லியது, வளைந்து கொடுப்பது. பகைவரைக் கண்டால் இது ஓட்டினுள் ஒடுங்கி நிற்பதில்லை. விரைந்தோடிப் பாறை இடுக்கில் நுழைந்து கொள்ளும். பாறையே அதற்குக் கோட்டை. பாறை இடுக்கு இல்லாத இடத்தில் அதன் உடலமைப்பு பயனற்றதாகிவிடும் அன்றோ?

அடுத்த ஆண்டாகிய 1923இல், தென் ஆஸ்திரேலியாவில் வாழும் ஓணான் வகை ஒன்றை அவர் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார். அதுவும் வறண்ட நிலத்துப் பாறைகளின்மேல் வெயில் காய்ந்து, அவற்றின் இடுக்குகளில் பதுங்கி வாழும் உயிரேயாகும். அறிஞர் உலகம் அவருடைய உழைப்பைப் போற்றி, ஆப்பிரிக்கப் பாம்பு வகை ஒன்றிற்கும் ஆமை ஒன்றிற்கும் அவர் பெயரையே சூட்டியது.

உயிர்க்காட்சிச் சாலையில்

இலண்டன் விலங்கியற் கழகத்தின் உயிர்க்காட்சிச் சாலை 1828ஆம் ஆண்டில் தோன்றியது. ஊர்வனவற்றிற்கென்றே அங்கு 1849ஆம் ஆண்டில் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. உலகில் அவ்வகை இல்லங்களுள் முதலாவது அதுவே. பின்னர் 1883இல் வேறோர் இல்லம் எழுந்தது. எனினும், பல நிலங்களிலிருந்து வந்த ஊர்வனவற்றை நெடுநாள் நலமுடன் வாழச் செய்தல் எளிய செயலாக இல்லை.

இதன் காரணத்தை அறிவதற்கு ஊர்வனவற்றின் இயல்பை அறிதல் வேண்டும். மனிதனும் பசுவும் பறவையும் தாம் உண்ணும் உணவினின்றே தம் உடல் வெப்பத்தை ஆக்கிக்கொள்ளும். வெளியே பனி பெய்யினும் வெயில் காயினும் இவற்றின் உடல் வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. ஊர்வன அத்தகையன அல்ல. அவை தமக்கு வேண்டிய வெப்பத்தை வெளியிலிருந்தே பெறுகின்றன. காலையில் ஓணான் வேலியின்மீது ஏறி வெயிலில் உடலைக் கிடத்துவது சோம்பலால் அன்று. அன்றைய வாழ்விற்கு வேண்டிய வெப்பத்தைத் தேடிக்கொள்வதற்கேயாம். வெப்பம் மிகுந்தால் அது நிழலை நாடும். மீண்டும் குறைந்தால் வெயிலுக்கு வரும். இவ்வாறு வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே மாறி மாறி இயங்கியே அது தன் உடலை வேண்டிய நிலையில் வைத்துக்கொள்கிறது. வெப்பம் போதாவிடின் அது உண்ட உணவு செரியாது. உணவிருந்தும் உயிர் வாடும்.

ஆகவே, கூடு முழுவதையும் ஒரே அளவாகச் சூடாக்குவது ஊர்வனவற்றிற்குப் போதாது. குளிரும் கூடு ஒருவகைச் சிறை. எங்கும் ஒரே சூடாகிய கூடு மற்றொருவகைச் சிறை. வெயிலையும் நிழலையும் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை அவ்வுயிருக்குத் திருப்பித் தருதலே அதனைப் பேணுவோர் செய்யத்தக்க முதற்கடமை. புரோக்டர் அம்மையாரின் பணி இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது.

1923ஆம் ஆண்டில் அவர் உயிர்க்காட்சிச் சாலையில் ஊர்வனவற்றின் காப்பாளராக நியமிக்கப்பெற்றார். அப்பதவியை ஏற்ற முதற் பெண்மணி அவரே. அக்காலத்தில் அங்குப் புதிய மீன் காட்சியகம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அதன் தொட்டிகளுக்குரிய பாறை அமைப்புகளையும் பின்புலக் காட்சிகளையும் அம்மையாரே திட்டமிட்டார். ஜான் புல் என்னும் ஓவியர் அவருக்குத் துணைநின்றார். தாயிடமிருந்து பெற்ற கலைத்திறம் அறிவியலுக்குப் பயன்பட்டது. 1924இல் திறக்கப்பெற்ற அம்மீன் காட்சியகம், ஊர்வனவற்றிற்கு அவர் பின்னர் அமைத்த பெரிய இல்லத்திற்கு ஒரு பயிற்சிக்களமாக அமைந்தது எனலாம்.

புதிய இல்லம்

ஊர்வனவற்றின் புதிய இல்லத்தை அம்மையார் திட்டமிட்டார். எட்வர்டு கை டாபர் என்னும் கட்டடக்கலை அறிஞர் அதற்குக் கட்டட வடிவம் கொடுத்தார். 1926, 1927 ஆகிய ஆண்டுகளில் உருப்பெற்ற அவ்வில்லம் 1927ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் அமைப்பில் மூன்று சிறப்புகள் இருந்தன.

முதலாவது, வெப்பத்தைப் பகிர்ந்தளிக்கும் முறை. மின்சாரத்தின் உதவியால் இல்லத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு அளவான வெப்பம் அளிக்கப்பட்டது. காட்டு உயிருக்குக் காட்டின் வெம்மையும், பாலை உயிருக்குப் பாலையின் வெம்மையும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன.

இரண்டாவது, ஒளியை அமைத்த முறை. காண்போர் நடந்து செல்லும் கூடம் சற்றே இருண்டிருக்க, கூடுகள் மட்டும் ஒளிபெற்று விளங்கின. இதனால் கண்ணாடியில் காண்போரின் நிழலுருவம் தோன்றி மறைக்கவில்லை. உயிர்கள் தம் நிலத்திலேயே இருப்பனபோல் காட்சியளித்தன. அவற்றைச் சூழப் பாறைகளும் பின்னே தீட்டப்பெற்ற நிலக்காட்சிகளும் அமைந்திருந்தன.

மூன்றாவது, கதிரவன் ஒளியைப் பற்றியது. கதிரவனின் ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களும் உள்ளன. அக்கதிர்கள் உடல்மேற் பட்டால் தோலில் வைட்டமின் டி என்னும் சத்து உண்டாகும். உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேர்வதற்கு இச்சத்து இன்றியமையாதது. குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் என்னும் நோயை இக்கதிர்களால் தீர்க்கலாம் என்பதை 1919ஆம் ஆண்டில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்னும் மருத்துவர் பெர்லின் நகரில் மெய்ப்பித்தார். சாதாரணக் கண்ணாடி, எலும்பிற்கு நலம் தரும் இக்கதிர்களை உள்ளே விடாது தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னே ஒளியில் இருக்கும் உயிரும் உண்மையில் கதிரவனை இழந்ததாகவே இருக்கும். இவ்வுண்மை அறியப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், அக்கதிர்களைப் புகவிடும் புதுவகைக் கண்ணாடியை அம்மையார் தம் இல்லத்தில் பயன்படுத்தினார். மக்களின் மருத்துவத்திற் கண்ட புதுமையைப் பல்லிக்கும் பாம்பிற்கும் உரியதாக்கிய அவருடைய அருளுள்ளம் போற்றத்தக்கது.

சிறு பெட்டியில் ஒரு பாலை

பெரிய இல்லத்தில் அம்மையார் கைக்கொண்ட முறைகள் சிறிய பெட்டிக்கும் பொருந்தும். மேலைநாடுகளில் பாலைநிலப் பல்லியினத்தை வீட்டில் வளர்ப்போர் பலர், தாமே மரப்பெட்டி செய்து அதனுள் ஒரு சிறு பாலையை அமைக்கின்றனர். அதன் அமைப்பை அறிந்தால் அம்மையாரின் கொள்கை நன்கு விளங்கும்.

பாலை உயிர் பெரும்பாலும் தரையில் ஓடித் திரிவது. ஆதலின் பெட்டி உயர்ந்திருப்பதைவிட நீண்டிருத்தல் வேண்டும். நடுத்தர அளவுள்ள ஓணான் ஒன்றிற்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள பெட்டி வேண்டும். மூன்று பக்கங்களும் மரத்தாலும் முன்பக்கம் கண்ணாடியாலும் அமைந்தால் வெப்பம் எளிதில் வெளியேறாது. காற்று உலவுவதற்கு ஒரு பக்கத்தில் தாழ்வாகவும் எதிர்ப்பக்கத்தில் உயரமாகவும் துளைகள் விடுவர். குளிர்ந்த காற்று தாழ்ந்த துளையினால் நுழைய, சூடான காற்று மேல்துளையினால் வெளியேறும்.

வெப்பம் தரும் விளக்கைப் பெட்டியின் நடுவில் வைத்தல் கூடாது. ஒரு கோடியிலேயே வைத்தல் வேண்டும். அதன்கீழ்த் தட்டையான கல் ஒன்று இருத்தல் வேண்டும். அக்கல்லின்மேல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க, மறுகோடியில் 25 டிகிரி அளவே இருக்கும். இவ்விரண்டிற்கும் இடையே உயிர் தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். வெப்பத்தை அறிய இரு கோடியிலும் வெப்பமானி வைப்பர். பல்லி தொட்டுச் சுட்டுக்கொள்ளாதவாறு விளக்கைக் கம்பிவலையால் மூடுவர். பதுங்கிடமும் இரு கோடியிலும் வேண்டும். ஒரு கோடியில் மட்டும் பதுங்கிடம் இருந்தால், அச்சமுற்ற உயிர் வெப்பத்தையோ பாதுகாப்பையோ இழக்க நேரிடும்.

புற ஊதாக் கதிர் தரும் விளக்கைப் பெட்டிக்குள்ளேயே பொருத்துவர். கண்ணாடிக்கு வெளியே வைத்தால் பயனில்லை. பல்வகை விளக்குகளில் ஒளி குன்றாது எரியும்பொழுதே அக்கதிர்கள் குறைந்து விடுவதுண்டு. ஆதலின் உரிய காலத்தில் விளக்கை மாற்றுதல் வேண்டும். பகலில் ஏறத்தாழ 12 மணி நேரம் விளக்கு எரியும், இரவில் அணைக்கப்படும். பாலையில் பகல் கொதிப்பதும் இரவு குளிர்வதும் இயல்பன்றோ? நிலத்தை மட்டுமன்றிப் பொழுதையும் அமைத்தால்தான் முதற்பொருள் முழுமை பெறும்.

மணலைப் பரப்புவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கற்களை முதலில் பெட்டியின் அடித்தளத்தில் அசையாது நிறுத்தி, அதன் பின்னரே மணலைச் சுற்றிலும் இடுதல் வேண்டும். மணலின்மேல் கல்லை வைத்தால், வளை தோண்டும் பல்லி அதன் அடியிலுள்ள மணலை அகற்ற, கல் சரிந்து அதனை நசுக்கிவிடும். அழகாகத் தோன்றும் பாறையே கொலைக்கருவியாகிவிடும். கண்ணுக்கு இனிய காட்சியை அமைப்பவர் அதனுள் வாழும் உயிரின் செயலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வீட்டில் உயிர்களை வளர்க்க விரும்புவார் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. காட்டில் தன்னுரிமையோடு வாழும் உயிரைப் பிடித்து வந்து அடைத்தல் அறமன்று. நம் நாட்டில் உடும்பு முதலிய பல உயிர்களைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

கொமோடோ உடும்புகள்

இந்தோனேசியத் தீவுக்கூட்டத்தில் கொமோடோ முதலிய சில தீவுகளில் வாழும் பேருடும்பே பல்லியினத்துள் மிகப் பெரியது. அது 10 அடி நீளம்வரை வளரும்; மானையும் எருமையையும் வீழ்த்தும் வலிமை வாய்ந்தது. அதனை அறிவியல் உலகம் அறிந்ததே 1912ஆம் ஆண்டில்தான். புதிய இல்லம் திறக்கப்பெற்ற 1927ஆம் ஆண்டில் அவ்வினத்தைச் சேர்ந்த இரண்டு உடும்புகள் இலண்டனுக்கு வந்து சேர்ந்தன. அவற்றிற்குச் சும்பா, சும்பாவா என்று பெயரிட்டனர். கொடிய விலங்கு என்று மக்கள் அவற்றைக் கண்டு நடுங்கினர்.

அம்மையார் அவற்றிற்கு வேண்டிய வெப்பத்தையும் இடத்தையும் உணவையும் அளித்தார். நோயுற்றபொழுது மருத்துவம் செய்தார். நாளடைவில் சும்பாவா அவரிடம் நன்கு பழகிற்று. 1928ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் விலங்கியற் கழகத்தின் அறிஞர் கூட்டத்திற்கு அவ்வுடும்பை அவர் கொண்டு சென்றார். கூடியிருந்தோர் காண, அது அவர் கையினின்றே கோழியையும் முட்டைகளையும் புறாவையும் உண்டது. உண்ணும்பொழுது அவர் அதன் உடலைத் தட்டியும் சொறிந்தும் கொடுத்தார். அது சினங்கொள்ளாது இருந்தது.

இக்காட்சி வியப்புக்காக நிகழ்த்தப்பட்டதன்று. அவ்வுடும்பு வலியது, கொல்லும் ஆற்றல் உடையது என்பதை அம்மையார் ஒருபொழுதும் மறுத்ததில்லை. எனினும், தன் தேவைகள் நிறைவேறப் பெற்று அச்சமின்றி வாழும் விலங்கு அமைதியுடன் இருக்கும் என்பதையும், ஊர்வன அறிவற்றவை என்னும் எண்ணம் தவறானது என்பதையும் அவர் அறிஞர்களின் கண்முன்னே காட்டினார்.

இறுதி நாட்கள்

ஊர்வனவற்றிற்கு நலம் தேடிய அம்மையாருக்கு உடல்நலம் வாய்க்கவில்லை. மலைப்பாம்பையும் முதலையையும் அச்சமின்றிக் கையாண்ட அவர், நாளுக்கு நாள் தளர்ந்து வந்தார். நடக்க இயலாத நிலையிலும் அவர் பணியைக் கைவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து உயிர்க்காட்சிச் சாலையைச் சுற்றிவந்தார் என்றும், சிற்சில வேளைகளில் சும்பாவா அவருக்கு முன்னே நடந்து சென்றது என்றும் கூறுவர்.

1931ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் டாக்டர் என்னும் சிறப்புப் பட்டத்தை அளித்தது. நோயினால் பல்கலைக்கழகத்தில் பயில இயலாது போன பெண்மணிக்குப் பல்கலைக்கழகமே பட்டம் அளித்துப் பெருமை கொண்டது. ஆனால் அப்பெருமையை நெடுநாள் நுகரும் பேறு அவருக்கு இல்லை. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 20ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். ஜார்ஜ் அலெக்சாந்தர் என்னும் சிற்பி வடித்த அவருடைய பளிங்குச் சிலை, அவர் அமைத்த இல்லத்திலேயே வைக்கப்பெற்றது.

அவ்வில்லம் 90 ஆண்டுகளுக்கும் மேலாக ஊர்வனவற்றின் உறையுளாக விளங்கியது. பின்னர் அறிவியல் மேலும் வளர்ந்தது. 2024ஆம் ஆண்டில் அவ்வுயிர்க்காட்சிச் சாலை ஊர்வனவற்றிற்கும் தவளையினத்திற்கும் புதிய இல்லம் ஒன்றைத் திறந்தது. கட்டடங்கள் மாறும், கருவிகள் மாறும். ஆயினும் கூட்டின் ஒரு கோடியில் வெயிலும் மறுகோடியில் நிழலும் வேண்டும் என்னும் கொள்கை மாறவில்லை.

பிறருடைய தேவையைத் தம் தேவையைக் கொண்டு அளப்பதே உலகத்தார் இயல்பு. தமக்குக் குளிராத அறை பல்லிக்கும் குளிராது என்றும், தமக்குப் போதிய ஒளி அதற்கும் போதும் என்றும் எண்ணுவர். புரோக்டர் அம்மையார் அவ்வாறு எண்ணவில்லை. தம்மினும் முற்றிலும் வேறுபட்ட உடலையும் வாழ்வையும் உடைய உயிருக்கு எது நலம் என்பதை அவ்வுயிரை உற்றுநோக்கியே அறிந்தார். தம் உடலுக்குக் கிட்டாத நலத்தைப் பிற உயிர்களின் உடலுக்குத் தேடித் தந்தார். அருள் என்பது உள்ளத்தில் எழும் இரக்கத்தோடு நின்றுவிடாது, அளந்தும் ஆராய்ந்தும் உழைத்தும் செயலாக மலர்தல் வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.